மேற்கோளும் கூற்றும்: ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலை முன்வைத்து

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புனைகதைகளுள் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) அளவிற்கு மேற்கோள்களாகப் பிரித்தெடுக்கப்பட்டவை சிலவே. அந்நாவலின் தொடர்களை ஆசிரியரின் இலக்கியக் கொள்கைக்கு நேரடிச் சான்றாகக் காட்டும் போக்கு மறுஆய்வுக்குரியது.

அகப்பாடலைப் பயிலும்போது அது யார் கூற்று என்பதையே முதலில் வினவுகிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. தோழி உரைத்ததைக் கபிலரின் சொந்தக் கருத்தாகக் கொள்வார் எவருமிலர். நாவலுக்கு வரும்போது மட்டும் இவ்விழிப்பு தளர்ந்துவிடுகிறது.

ஜே.ஜே. எனப்படும் ஜோசஃப் ஜேம்ஸ் மலையாள எழுத்தாளனாகப் படைக்கப்பட்ட கற்பனைப் பாத்திரம். அவனைப் பற்றி எழுதுபவன் பாலு என்னும் தமிழ் எழுத்தாளன். நாவலின் பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகளாக அமைகிறது. எனவே நாம் எடுத்துக்காட்டும் தொடர், ஜே.ஜே. தனக்கென எழுதி, அவன்பால் பேரீடுபாடு கொண்ட பாலுவின் வழியாகத் தமிழில் வந்து சேர்வதாகும்.

நாவலின் தொடக்கத் தொடரே இதனை உணர்த்துகிறது. ஆல்பெர் காம்யு மறைந்ததற்கு அடுத்த நாளை ஜே.ஜே.யின் இறப்பு நாளாக அது குறிக்கிறது. காம்யு 1960 சனவரி 4ஆம் நாள் கார் விபத்தில் இறந்தது வரலாறு. அதனையடுத்த இறப்பு புனைவு. காம்யுவின் ‘அந்நியன்’ (1942), தாய் இறந்தது எந்நாள் என்னும் ஐயத்தோடு தொடங்குவதையும் இங்கு ஒப்பிடலாம். அங்கு நாளின் தெளிவின்மை கதைசொல்லியின் ஒட்டாத மனநிலையைக் காட்டுகிறது. இங்கு நாளின் துல்லியம், ஜே.ஜே.யைக் காம்யுவின் அருகில் நிறுத்த விழையும் பாலுவின் மதிப்பீட்டைக் காட்டுகிறது. இவ்விரு தொடர்களும் நினைவில் நிற்பது சொல்லழகினால் மட்டுமன்று. சொல்பவனையும் அவை உடன் காட்டிவிடுவதனால் எனலாம்.

ஜே.ஜே.யின் கருத்துகள் பல சுந்தர ராமசாமிக்கும் உடன்பாடாக இருக்கலாம். ஆயின் அவ்வுடன்பாடு அவர்தம் கட்டுரைகளோடு ஒப்பிட்டு நிறுவத்தக்கதேயன்றி முன்முடிவாகக் கொள்ளத்தக்கதன்று. மேற்கோளின்கீழ் நூலாசிரியர் பெயரோடு அது யார் கூற்று என்பதையும் குறிக்கும் வழக்கம் நாவலாய்வில் நிலைபெற வேண்டும். அகப்பாடலுக்கு நாம் தவறாது அளித்துவரும் அம்மதிப்பு நாவலுக்கும் உரியதே.