இனிப்பு நீர் என்ற பெயர்

"ஊசி போட ஆரம்பிச்சா அவ்வளவுதான்டா. அடுத்து கால எடுப்பாங்க."

மூன்று வருடங்களுக்கு முன் சாஆவில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அப்பா சொன்ன வாக்கியம் இது. கிளினிக்கில் இன்சுலின் தொடங்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா மாட்டேன் என்றார். தோட்டத்தில் ஊசி போட்டவர்கள், கால் போனவர்கள், டயாலிசிஸ் போனவர்கள் என்று வரிசையாக ஆள் காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து பஹாட்டில் பொறியியல் படித்தவன் நான், உடம்பைப் பற்றி எதுவும் படித்ததில்லை.

அந்த வாரம்தான் சூசன் சொன்டாக்கின் ‘இல்னெஸ் அஸ் மெட்டஃபர்’ நூலை மறுபடி எடுத்தேன். 1978இல் வந்த சின்னப் புத்தகம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிறகு எழுதியது. ஆனால் அதில் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் சொல்வதில்லை. காசநோயை மென்மையான மனசுக்காரர்களின் நோயாகவும், புற்றுநோயை உணர்ச்சியை உள்ளே அடக்குபவர்களின் நோயாகவும் நாம் கதை கட்டிவிட்டோம். அந்தக் கதைகள் நோயாளியையே குற்றவாளி ஆக்குகின்றன என்பது அவர் வாதம். காரணம் புரியாத, மருந்து கேட்காத நோய்களின் மேல்தான் இப்படி உருவகம் படர்கிறது. மருத்துவம் தெளிவானால் அது உதிரும் என்று நம்புகிறார்.

தமிழ் சினிமாவுக்கு இது அப்படியே பொருந்தும். ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் நாயகிக்குக் காசநோய். 1982இல் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். பாட்டு, கண்ணீர், தியாகம் எல்லாம் அந்த நோயாளிகளுக்கு உண்டு. நான் பார்த்த படங்களில் சர்க்கரை நோய்க்காரருக்குக் கிடைத்தது, ஒளித்து லட்டு தின்னும் காமெடி சீன் மட்டும்தான்.

சொன்டாக்கோடு நான் முரண்படுவதும் இங்கேதான். நீரிழிவில் மர்மம் ஒன்றும் இல்லை. 1922இல் டொரொண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாகக் கையில் மருந்து இருக்கிறது. அபூர்வ நோயும் இல்லை. மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இவ்வளவு தெரிந்த நோயைச் சுற்றி ஏன் இவ்வளவு தப்பான நம்பிக்கைகள்? சொன்டாக்கின் சூத்திரத்தில் இதற்கு இடமில்லை. பயங்கரமான நோய்களைத்தான் அவர் பார்த்தார். சாதாரண நோய்க்கும் ஒரு கதை உண்டு. அது கவிதையில் இருக்காது. கோப்பிக் கடைப் பேச்சில் இருக்கும், அந்த நோயின் பெயரிலேயே இருக்கும்.

நாம் ‘இனிப்பு நீர்’ என்கிறோம். மலாய்க்காரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்கிறார்கள், அதே அர்த்தம். பெயரில் இருக்கும் இனிப்பு ஓர் அறிகுறி மட்டுமே. நம் காதில் அது காரணமாக விழுகிறது. இனிப்பு சாப்பிட்டதால் வந்தது, இனிப்பை விட்டால் போய்விடும், கசப்பு சாப்பிட்டால் முறியும். மூன்றும் அந்தப் பெயரின் தர்க்கம்.

எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், சிறுநீரில் சர்க்கரை என்பது தொட்டி நிரம்பி வழிகிற குழாய். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது. ஆனால் வெறும் வயிற்றில் 7 இருந்தாலே அது நீரிழிவு. அந்த இடைவெளியில் எறும்பு வராது, நீரும் இனிக்காது. நோய் மட்டும் இருக்கும். வழிகிற குழாயைப் பார்த்துத் தொட்டியை அளப்பவனை எங்கள் ஆலையில் வேலைக்கு வைக்க மாட்டார்கள். நம் பெயர் அதைத்தான் செய்யச் சொல்கிறது.

அப்பாவும் அந்தப் பெயரின்படிதான் வாழ்ந்தார். "சீனிய விட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார். காலையில் தே ஓ கொசோங், கூடவே மூன்று ரொட்டி சானாய். மத்தியானம் மலை மாதிரி சோறு. மாவும் சோறும் உள்ளே போய் சர்க்கரையாகத்தான் மாறும் என்று அந்தப் பெயர் அவருக்குச் சொல்லவே இல்லை. பரம்பரை, இடுப்புக் கொழுப்பு, அசையாமல் லாரியில் உட்கார்ந்த வருஷங்கள், இதில் எதற்கும் அந்தப் பெயரில் இடமில்லை.

இன்சுலின் பயம் இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது ஒரு தப்பான வாசிப்பு. தோட்டத்தில் எல்லாரும் பத்து வருஷம் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் கூடிய சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. கடைசி அத்தியாயத்தில் ஊசி வந்தது, அதற்கடுத்த பக்கத்தில் கால் போனது. பார்த்தவர்கள் ஊசியைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார்கள். தாமதமாக வந்த பாத்திரத்தின் மேல் மொத்தப் பழியும் விழுந்தது. ‘மருந்து கிட்னியக் கெடுக்கும்’ என்பதும் பெரும்பாலும் இதே வாசிப்புதான்.

அப்பா இரண்டு வருஷம் தள்ளிப்போட்டார். சிலிப்பருக்குள் இருந்த ஒரு சின்னக் கல் காலைக் கிழித்தது அவருக்கு உறைக்கவில்லை, உணர்ச்சி எப்போதோ போயிருந்தது. புண் பெரிதாகி, வலது கால் சுண்டு விரலை எடுத்தார்கள். வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்ன முதல் வாக்கியம், "வாயக் கட்டியிருந்தா இது வந்திருக்குமாப்பா?"

சொன்டாக்கை இரண்டு தடவை வாசித்தவன் சொன்ன வாக்கியம். நோயாளியைக் குற்றவாளி ஆக்கும் கதையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, அதை என் வாயில் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அப்பா பதில் சொல்லவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

நோயைக் கதைகளிலிருந்து கழுவி எடுக்க வேண்டும் என்கிறார் சொன்டாக். மூன்றில் ஒருவருக்கு இருக்கும் நோயில் அது நடக்காது என்று நினைக்கிறேன். கோப்பிக் கடை பேசிக்கொண்டேதான் இருக்கும். அங்கே இன்னொரு கதையும் போக வேண்டும். தோட்டத்தையும் துரையையும் வறுமையையும் நாம் நிறைய எழுதிவிட்டோம். தினமும் விரல் நுனியைக் குத்திப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற, சீக்கிரமே ஊசி போட ஆரம்பித்ததால் கால் இருக்கிற ஒரு சாதாரண மனிதரை நம் சிறுகதைகளில் நான் இன்னும் சந்திக்கவில்லை. அவர் சாகாததால் கதைக்கு ஆகமாட்டார் என்று நினைக்கிறோமோ?

இப்போது அப்பா ராத்திரி எட்டு மணிக்குச் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்களாம். அவர் வந்து அதே பழைய வரிசையைச் சொன்னார், யார் யாருக்குக் கால் போனது என்று. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நான்கு விரல் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தார்.

"இது ஊசி போட்டதால போகல மச்சான். போடாததால போச்சு."