ஆம்ப்ளிஃபயர் நல்லதுதான், ஒயர் எப்படி?

பயோனியர் ஜிஎம்-டி8704 ஆம்ப்ளிஃபயருக்கு 1200 வாட் என்று விளம்பரம். கடைக்குப் போகும்போது அந்த எண்ணை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், அது கண நேர உச்சத்தின் கணக்கு. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ்: 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் சேனலுக்கு 100 வாட், நான்கு சேனல். கார் ஸ்டீரியோவின் முகப்பில் இருக்கும் '50 வாட் x 4' என்பதும் உச்சக் கணக்கே; விடாமல் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான்.

இந்த வித்தியாசம் காதில் சத்தமாகத் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு மேல் ஒலியைக் கூட்டினால், ஸ்டீரியோ மட்டும் இருந்தபோது மிருதங்கத்தின் தொப்பி மழுங்கி, வயலின் கிறீச்சிடும். ஆம்ப் வந்தபின் தொப்பி தனியாக, அழுத்தமாகக் கேட்கிறது. டி கிளாஸ் என்பதால் சூடும் குறைவு. முன் சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிடலாம், காற்றோட்டம் மட்டும் வேண்டும்.

ஆனால் இந்த ஆம்ப்பின் தரத்தைப் பாதி தீர்மானிப்பது ஒயர். நான்கு சேனலும் முழு மூச்சில் பாடினால் 400 வாட். 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து 36 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் 8 கேஜ் செம்பு ஒயர் போட்டால், பவர் ஒயரில் மட்டும் கிட்டத்தட்ட 0.4 வோல்ட் தொலையும். 4 கேஜ் என்றால் 0.15 வோல்ட்தான். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். வாங்கும்முன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம்.

ஃபியூஸ் விஷயத்தில் சமரசமே கூடாது. பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்ப்பை அல்ல, ஒயரை. பானெட்டிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், அதிர்வில் உறை அறுந்து ஒயர் பாடியில் உரசும். பக்கத்தில் ஃபியூஸ் இல்லையென்றால் காரே தீப்பிடிக்கும். எர்த் ஒயரும் அதே தடிமனில், குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய தகட்டில் போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். ஆர்சிஏ கேபிளைப் பவர் ஒயருக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தால் எஞ்சின் சுழற்சியோடு ஏறி இறங்கும் அந்த 'ங்ங்' ஒலி பெரும்பாலும் வராது.

கெயின் திருகு ஒலியைக் கூட்டுவதற்கல்ல, ஸ்டீரியோவின் வெளியீட்டோடு ஆம்ப்பைப் பொருத்துவதற்கு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் பங்கு ஒலியில் வைத்து டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் ஏசி 20 வோல்ட் காட்டினால் அது 100 வாட். உங்கள் ஸ்பீக்கர் தாங்குவது 60 வாட் என்றால் 15.5 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

கம்பெனி ஸ்பீக்கரையே வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆம்ப் தேவையில்லை, அவை இத்தனை வாட்டைத் தாங்காது. நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் போட்டவர்கள் வாங்கலாம். பின் சேனல் இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 4 ஓம் சப்வூஃபர் ஒன்றுக்கு 300 வாட் கிடைக்கும். 2 ஓம் சப்வூஃபரை மட்டும் அப்படி இணைக்காதீர்கள்.