சுங்குடியின் பெயரும் முடிச்சின் கூலியும்

அழகிய பொருளைப் புகழ்ந்தெழுதுவோர் அதனை ஆக்கிய கைகளை மறந்துவிடுவது நமது கலை விமரிசனத்தின் பழைய நோயாகும். மதுரைச் சுங்குடிச் சேலையைப் பற்றிய எழுத்துக்கள் பலவற்றிலும் இந்நோயைக் காண்கிறோம். நாயக்கர் காலத்துப் பெருமை, வைகைத் தண்ணீரின் குணம், ஒரு சேலையில் எத்தனை ஆயிரம் புள்ளி என்னும் வியப்பு ஆகிய யாவும் அவற்றில் உண்டு. அப்புள்ளிகளை இட்டவளுக்கு என்ன கூலி என்ற கேள்வியைத்தான் காணோம்.

தொழிலின் முறையை நோக்கினால் அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. வெண்பருத்தித் துணியைச் சிறுசிறு நுனிகளாகக் கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றிக் கட்டுகின்றனர். துணியைச் சாயத்தில் தோய்க்கும்போது கட்டுண்ட இடத்தில் நிறம் ஏறுவதில்லை. உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அங்கே ஒரு வெண்புள்ளி தோன்றும். இம்முடிச்சுக்களை இட்டு வந்தவர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள். அடுப்படி வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே வீட்டிலிருந்தே செய்ததால், அவர்களது உழைப்பு உழைப்பாகவே மதிக்கப்படவில்லை.

ஒரு சேலைக்குரிய முடிச்சுக்களை இடப் பல நாட்கள் வேண்டும். மெழுகு அச்சும் திரை அச்சும் அதே புள்ளியை வெகுவிரைவில் பதித்துவிடுகின்றன. இன்று சுங்குடி என்று விற்பனையாவதிற் பெரும்பகுதி அச்சுத்துணியே. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆயினும் அச்சட்டம் காப்பது பொருளின் பெயரை. கூலியை நிர்ணயிப்பது அதன் வேலையன்று.

அச்சுத் தொழிலாளியை நாம் பழிக்கவில்லை. அவனும் உழைப்பாளியே, மலிவான சேலை ஏழைப் பெண்ணுக்கு எட்டுவதும் நன்மையே. கட்டுச்சேலையின் கீர்த்தியைச் சொல்லி அச்சுச்சேலையை விற்கும் வாணிபத்தையே கண்டிக்கிறோம். அக்கீர்த்தியை மட்டும் பாடும் எழுத்தாளர், அறிந்தோ அறியாமலோ, அவ்வாணிபத்திற்கு விளம்பரம் எழுதுகிறார்.

வேறுவிதமாக எழுத முடியும் என்பதற்குச் சான்றுண்டு. எம். வி. வெங்கட்ராம் 1975இல் வெளிவந்த 'வேள்வித் தீ' நாவலில், கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளரின் தறியை அலங்காரப் பொருளாக்காமல், அதை நம்பியிருக்கும் குடும்பத்தின் பாட்டையும் காட்டினார். முடிச்சிடும் பெண்ணைப் பற்றி எழுதுவோரும் அவ்வழியே செல்லவேண்டும்.

றொசல்லவிலிருந்து எழுதும் நமக்கு இது அயலூர்ச் செய்தியன்று. சிலோன் டீ என்ற பெயரை உலகம் அறியும். கொழுந்து பறித்தவளை அறியாது. நமது தோட்டங்களில் நாட்கூலியையே 'பேர்' என்கிறோம்; கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அந்தப் பேர் ஒன்றுக்கு 1000 ரூபா பெற 2021 வரை போராட வேண்டியிருந்தது.

ஆகவே கட்டுச்சேலையும் அச்சுச்சேலையும் தனித்தனியே குறிக்கப்பட்டு விற்கப்படவேண்டும். முடிச்சுக்கு நியாயமான கூலி வரையறுக்கப்படவேண்டும். இவற்றைக் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை மட்டுமென்று விமரிசகர் ஒதுங்குதல் தகாது. கூலியைப் பேசாத கலை விமரிசனம் பாதி விமரிசனமே.