சின்னத்திரைப் பாயிரமும் அதன் பாடபேதங்களும்

எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலாகாது என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் துணிபு. இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், கேட்போர், பயன் என்று பாயிரத்தில் இருக்க வேண்டியவற்றை அவர் வரிசைப்படுத்திக்கொண்டே போகிறார். தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் பாட்டோடு ஓடும் பெயர்ப்பட்டியலை, நம் வீடுகளில் "டைட்டில்" என்கிறோமே அதை, இந்த இலக்கணத்தை வைத்து உரசிப் பார்த்தால் என்ன என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். "டைட்டில்ல என்ன இருக்கு? கதை ஆரம்பிச்சதும் கூப்பிடுங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். என் கட்சி வேறு. கதைக்குள் மறைந்துபோகும் பல சங்கதிகள் டைட்டிலில் வெளிப்பட்டு நிற்கின்றன.

சாலைக் கடைத்தெரு வியாபாரிக்கு இதில் என்ன அதிகாரம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். ஒரு கடையின் பழைய பில் புத்தகங்களை வருஷவாரியாக அடுக்கி, தலைப்பை மட்டும் பாருங்கள். எந்த வருஷம் தம்பி பங்கு பிரிந்தார், எப்போது "அன் சன்ஸ்" சேர்ந்தது, டெலிபோன் எப்போது வந்தது, எல்லாம் தெரிந்துவிடும். உள்ளே இருக்கிற கணக்கு இதையெல்லாம் சொல்லாது.

1987 ஜனவரி 25 தொடங்கி 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் வந்த ராமானந்த் சாகரின் "ராமாயண்" நம்மில் வயதானவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். திருவனந்தபுரம் நிலையம் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியதே 1985 ஜனவரி 1-ல்தான். தமிழுக்கென்று இங்கே தனி வாசல் கிடையாது. இந்தியோ மலையாளமோ, வந்ததைப் பார்த்தோம். பிராகிருத நூல்களின் அச்சுப் பிரதிகளைப் படிப்பதற்காக நான் நாகரி எழுத்துக் கற்றிருந்தேன். ஆகவே மற்றவர்கள் ரவீந்திர ஜெயினின் பாட்டைக் கேட்டபோது நான் எழுத்தைப் படித்தேன். அங்கே ஒரு பட்டியல் ஓடியது. வால்மீகி, துளசிதாசர், அப்புறம் தமிழுக்குக் கம்ப ராமாயணம், மராத்திக்குப் பாவார்த்த ராமாயணம், வங்காளத்துக்குக் கிருத்திவாசர், தெலுங்குக்கு ரங்கநாத ராமாயணம், மலையாளத்துக்கு அத்யாத்ம ராமாயணம், உருதுவுக்குச் சக்பஸ்த், கன்னடத்துக்கு ராமசந்திர சரித புராணம்.

வீட்டுக்குள் கம்பர், வாசலைத் தாண்டினால் கர்க்கடக மாதம் முழுக்க எழுத்தச்சனின் கிளிப்பாட்டு என்று வாழ்கிற நமக்கு, இருவர் நூலும் ஒரே பட்டியலில் வந்தது சின்ன மகிழ்ச்சியில்லை. "பாத்தியா, நம்ம கம்பர் பேரு போட்டிருக்கான்" என்று நான் சொல்ல, வீட்டில் நாகரி தெரியாதவர்களும் உற்றுப் பார்த்தார்கள்.

ஆனால் பட்டியலை நம்பிக் கதைக்குள் போனால் கணக்கு உதைக்கிறது. மிதிலையில் கன்னிமாடத்தில் நின்றவளும் வீதியில் நடந்தவனும் கண்ணோடு கண் நோக்கியதாகப் பாடியவர் கம்பர். துளசிதாசர் அந்தச் சந்திப்பைப் பூந்தோட்டத்தில் வைத்தார். சாகர் காட்டியது பூந்தோட்டம். அதுவாவது போகட்டும். ராமசந்திர சரித புராணம் என்பது 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாகசந்திரர் என்ற சமணப் புலவர் செய்தது; பம்ப ராமாயணம் என்றும் சொல்வார்கள். விமலசூரியின் பிராகிருத பௌமசரியத்தின் வழியில் வந்த நூல். அதில் இராவணன் ஒரே ஓர் ஆசையால் வீழ்ந்த பெரிய மனிதன். அவனைக் கொல்பவன் இலக்குவன். இராமன் கையில் அந்தக் கொலை இல்லை. சாகரின் தொடரில் யார் கொன்றார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் மூன்று சொல்கிறது. நாகசந்திரரைப் பொறுத்தவரை இந்தத் தொடர் சார்புநூலாகக்கூட ஆகாது.

அப்படியானால் அந்தப் பெயர் அங்கே ஏன்? கல்யாணப் பத்திரிகையின் அடியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, சம்பந்தப்பட்ட எல்லார் பெயரையும் அச்சடிக்கிறோமே, அந்த மரியாதை இது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பெயர். பவணந்தியின் சொல்லிலே சொன்னால், "வழி" என்ற தலைப்பில் எழுதப்பட்டிருப்பது உண்மையில் "எல்லை". கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எங்கெல்லாம் போய்ச் சேரவேண்டும் என்று எடுத்தவர் நினைத்தார் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது. இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. கதைக்குள் இல்லாத நாகசந்திரர் பெயரளவிலாவது டைட்டிலில் இருந்தார். அந்த எழுத்தைப் படிக்காதவருக்கு அவர் இல்லவே இல்லை.

தூர்தர்ஷனுக்கே ஒரு பாயிரம் உண்டு. இரண்டு வளைகோடுகள் சுழன்று சுழன்று வந்து கண்ணாக அமர்கிற அந்தக் காட்சியை வரைந்தவர் தேவாசிஷ் பட்டாச்சார்யா, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர். இசை பண்டிட் ரவிசங்கர், உஸ்தாத் அலி அகமது உசேன் கான். 1976 ஏப்ரல் 1-ல் வானொலியிலிருந்து தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தபோது அது வந்தது. முதலில் கறுப்பு வெள்ளை. 1982-க்குப் பின் வண்ணம். "சத்யம் சிவம் சுந்தரம்" என்ற சொற்கள் அடியில் இருந்த வடிவமும் உண்டு, இல்லாத வடிவமும் உண்டு. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை வைத்துக்கொண்டு ஒப்புநோக்கியதுபோல, இந்த வடிவங்களையும் ஒருவர் அடுக்கி வைத்து ஒப்புநோக்க வேண்டும்.

ஒப்புநோக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. "கில்லிகன்ஸ் ஐலண்ட்" என்று 1964 முதல் 1967 வரை ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. உல்லாசப் பயணம் போன ஏழு பேர் தீவில் மாட்டிக்கொள்ளும் கதை. முதல் வருஷத்து டைட்டிலில் படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது பின்னால் கரையில் ஒரு கொடி அரைக்கம்பத்தில் பறக்கிறது. சிரிப்புத் தொடரில் துக்கக் கொடி எதற்கு? 1963 நவம்பர் 22-ல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே துக்கம் காத்த நாட்களில் அந்தக் காட்சி படமாயிற்று. இலக்கிய ஆராய்ச்சியில் அகச்சான்று என்கிறோமே, இது அதுதான். எடுத்தவர் சொல்ல நினைக்காத காலக்குறிப்பைப் படத்தின் மூலை சொல்கிறது. அதே டைட்டில் பாட்டில் முதல் வருஷம் ஐந்து பாத்திரங்களைச் சொல்லிவிட்டு, மீதி இரண்டு பேரை "மற்றவர்களும்" என்று முடித்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பத்திரங்களில் "இன்னார் வகையறா" என்று எழுதுவோமே, அதேதான். இரண்டாம் வருஷம் பாட்டைத் திருத்தி அந்த இருவரையும் சேர்த்தார்கள். வகையறாவில் இருந்து பெயருக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று கூட்டு வியாபாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதே அமெரிக்காவில் "பிவிட்ச்ட்" என்று இன்னொரு தொடர், 1964 முதல் 1972 வரை. ஐந்து வருஷம் கணவனாக நடித்த டிக் யார்க் விலகியதும் 1969-ல் டிக் சார்ஜென்ட் வந்தார். கார்ட்டூன் டைட்டிலில் பெயரை மாற்றினார்கள்; கதையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. நம் தமிழ்த் தொடர்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். கதை நடுவே படத்தை நிறுத்தி, "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிரிக்கிறோம், ஆனால் பாடம் மாறிய இடத்தில் மாறியது என்று குறித்துவைப்பதுதானே நல்ல பதிப்பாசிரியரின் கடமை? என்ன குறையென்றால், அந்த அறிவிப்பு ஒரு நாளோடு போய்விடும். போனவர் பெயர் மறுநாள் டைட்டிலிலும் இருக்காது.

"மால்குடி டேஸ்" பற்றி ஒரு வார்த்தை. பாயிரத்தை ஆசிரியனின் ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்யலாம் என்கிறது இலக்கணம். தம்பி செய்யலாமா என்று அங்கே இல்லை. 1986-ல் சங்கர் நாக் எடுத்த அந்தத் தொடரின் முகப்பில் வருபவை ஆர்.கே. நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்கள், எல். வைத்தியநாதனின் இசையில் ஒரு குரல் முணுமுணுத்துக்கொண்டே போகும். அந்தக் கோடுகளில் இருக்கும் மால்குடிக்கு மாநிலம் கிடையாது. நம்ம பக்கத்து ஊர் என்று நாம் உரிமை கொண்டாடலாம். கோடு முடிந்து காமிரா தொடங்கியதும் அது கர்நாடகத்து ஆகும்பே ஆகிவிடுகிறது, ஓட்டுச் சார்ப்பும் மலைநாட்டு மழையுமாக, பேச்சு இந்தியாக. எனக்கு இன்றைக்கும் அந்த முகப்புதான் மால்குடி. தொடர் நன்றாகவே இருந்தது, ஆனாலும்.

இப்போது இணையத்தில் தொடர் பார்க்கிற பிள்ளைகளுக்கு "அறிமுகத்தைத் தவிர்" என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பொத்தான் வருவதற்கு முன்பே நாம் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தோம். வீட்டில் வீடியோ ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் நாடா வீணாகக் கூடாதென்று டைட்டில் ஓடி முடிந்த பிறகுதான் பதிவுப் பொத்தானை அழுத்தினார்கள். அப்படி எடுத்த நாடாக்களில் இராமன் இருக்கிறான், கம்பரும் நாகசந்திரரும் இல்லை. ஒலிப்பதிவாளர், ஒப்பனைக்காரர், தையல்காரர் ஒருவரும் இல்லை. ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடு ஏடுகள் கிடக்கும். கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் பொடியும். செய்தவன் பெயர் இருப்பதும் அவற்றில்தான். எத்தனையோ நூல்களுக்கு இன்று ஆசிரியர் பெயர் தெரியாமல் போனது இப்படித்தான்.

நம் சங்கத்து வீடுகளில் பரண்மேல் வி.எச்.எஸ். நாடாக்கள் இன்னும் கிடக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். பழைய சாமான்காரனிடம் போடுவதற்கு முன், டைட்டிலோடு பதிந்தது ஏதாவது இருந்தால் என் கடைக்கு ஒரு தகவல் சொல்லி அனுப்புங்கள். கன்னட நூலின் பெயர் வரும் அந்த அட்டையை ஒவ்வொரு வாரப் பதிவிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.