பாடலும் பெயரும்: சுயாதீன இசை பற்றிய ஒரு நோக்கு

தமிழில் இசை விமரிசனம் என்பது பெரும்பாலும் கருநாடக சங்கீதத்தைப் பற்றியதாகவோ திரையிசையைப் பற்றியதாகவோ இருந்து வந்துள்ளது. இவ்விரண்டிற்கும் புறம்பாக, படமுதலாளியின் தேவையோ சபாக்களின் ஆதரவோ இன்றிக் கலைஞர் தாமே ஆக்கி வெளியிடும் சுயாதீன இசையை எமது மாணவர் விரும்பிக் கேட்பினும், எழுதத்தக்க பொருளாக அதனைக் கொள்வதில்லை. பேராதனையிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்டவுக்குச் செல்லும் பேருந்துகளில் இன்றும் ஒலிப்பவை திரைப்பாடல்களே.

இவ்விசை எமக்குப் புதியதன்று. 1970களில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியைத் துள்ளிசையில் ஏற்றியது, ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களத்தையும் தமிழையும் ஒரே பாட்டிற் கலந்தது. இவற்றை மலினமென்று ஒதுக்குவது எளிது. ஆயின், சினிமாவின் துணையின்றித் தமிழ்ப்பாட்டு மக்களிடம் செல்லக்கூடும் என்பதை இலங்கையில் நிறுவியவை இப்பொப் பாடல்களே. பின்னாளில், இலண்டனிற் பிறந்த மாயா அருட்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2005இல் வெளியிட்ட தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப்பெயராகிய 'அருளர்' என்பதையும், 2007இல் வெளியிட்டதற்குத் தாயின் பெயராகிய 'கலா' என்பதையும் சூட்டினார். உலகச் சந்தையில் தம் குடும்பத்தாரின் பெயர்களை நிறுத்திய அச்செயல் மனங்கொளத்தக்கது.

அவ்வகையில் மலையகத்தார் தவறாது கேட்கவும் காணவும் வேண்டியது, 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' ஆகும். அறிவும் தீயும் பாடிய அதற்குச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பிற்போட்டது. எண்ணிக்கையாகவே எழுதப்பட்ட அம்மக்களுள் ஒருத்தியின் பெயர் இப்பாடலில் உரத்து உச்சரிக்கப்படுகின்றது. காணொளியில் அவரே தோன்றுகின்றார்.

நட்டவருக்கு நட்டதன் பயன் கிட்டாமையே பாடலின் உட்பொருள். துள்ளலிசை ஒப்பாரியாக மாறும் இடத்தில் அது உச்சம் எய்துகின்றது. குறையும் உண்டு. பகட்டான ஆடையும் அரங்க அலங்காரமும் துயரின் மீது மெருகு பூசிவிடுகின்றன. ஆடிக் களிப்போருட் பலர் அவ்வொப்பாரியைக் கேளாமலே போகக்கூடும். இந்த மெருகை விரும்பாதோர் அறிவும் ஒஃப்ரோவும் இணைந்து 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பை முதலிற் கேட்கலாம். கலைநயம் குறைவு எனினும் நேர்மை மிகுதி.

பெயர் பற்றிய இவ்வக்கறை ஹேவாஹெட்டப் பகுதியினருக்குப் புதிதாயிருக்க முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. அவர் அமர்ந்து மலைகளை நோக்கியதாகச் சொல்லப்படும் கல்லிருக்கை இன்றும் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றது. அம்மண்ணைக் கொத்தியவர்களுக்கோ அத்தகைய கல் எதுவுமில்லை.

பாட்டியின் பெயரைப் பாடியவருக்கு நேர்ந்ததும் ஈண்டு குறிப்பிடற்பாலது. 2021 ஓகஸ்டில் 'றோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர். அவ்விதழ் பாராட்டிய பாடல்களின் வரிகளை எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டை இணையத்தில் வெளியாயிற்று. சுயாதீனம் என்னும் சொல் எத்துணைச் சுயாதீனமானது என்னும் ஐயம் இங்கு எழுகின்றது.

ஆயினும் பிறரைக் குறைகூறுமுன் எமது நிலையையும் நோக்குதல் வேண்டும். சென்ற மாசியில் ஹேவாஹெட்டவை அடுத்த தோட்டமொன்றிற் காமன்கூத்தைக் கைபேசியிற் பதிவுசெய்தேன். தப்பொலி நாற்பது நிமிடம் ஓடுகின்றது. நான் கேட்ட எந்தத் தொகுப்பிலும் அத்தகைய தாளம் இல்லை. அப்பதிவுக்கு நான் இட்ட தலைப்பு 'காமன்கூத்து, மாசி' என்பதாகும். தப்படித்த முதியவரின் பெயரை நான் கேட்கவில்லை. நண்பர் பலர் அப்பதிவைப் பெற்றுச் சென்றுள்ளனர், அவர்களும் கேட்கவில்லை.