கார்த்திக் மெய்யப்பனின் லெக் ஸ்பின்: பலமும் பலவீனமும்

சென்னையில் 2000ஆம் ஆண்டு பிறந்து, துபாயில் வளர்ந்து, ஐக்கிய அரபு அமீரகத்துக்காக ஆடும் லெக் ஸ்பின்னர் கார்த்திக் மெய்யப்பன். 2019 டிசம்பரில் ஒருநாள் அணிக்குள் வந்தார். அதற்குச் சற்று முன்புதான் சூதாட்ட விசாரணையில் மூத்த வீரர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். இளைஞர்களுக்கு வழி திறந்தது. பத்தொன்பது வயதுப் பையனின் மணிக்கட்டை அமீரகம் நம்பியது சரியான துணிச்சல்.

அந்த நம்பிக்கைக்குப் பலன் கிடைத்தது 2022 அக்டோபர் 18 அன்று. ஜீலாங்கில் டி20 உலகக் கோப்பை ஆட்டம், 15ஆவது ஓவர், இலங்கை 2 விக்கெட்டுக்கு 117. நான்காம் பந்தில் பானுக ராஜபக்ச தூக்கி அடித்து கவர் எல்லையருகே கேட்ச் ஆனார். அடுத்த பந்தில் சரித் அசலங்கவின் மட்டை விளிம்பில் பட்ட பந்தைப் பிடித்தவர், சென்னையிலேயே பிறந்த கீப்பர் விருத்யா அரவிந்த். ஆறாம் பந்து கூக்ளி. தசுன் ஷனகவின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. முதல் இருவரும் இடக்கை ஆட்டக்காரர்கள். லெக் பிரேக் அவர்களை நோக்கி உள்ளே திரும்பும் என்பதால், அவர்கள் எதிரே நிற்கும்போது பல கேப்டன்கள் லெக் ஸ்பின்னரை ஒதுக்கிவைப்பார்கள். அந்த வழக்கம் எவ்வளவு பிழை என்பதை இந்த ஓவர் காட்டியது. நான்கு ஓவரில் 19 ரன்னுக்கு 3 விக்கெட். ஆனால் அமீரகம் 73 ரன்னில் சுருண்டு, 79 ரன் வித்தியாசத்தில் தோற்றது. மட்டையாளர்கள் கைவிட்டால் விக்கெட் எடுக்கும் பவுலரால் தோல்வியைத் தடுக்க முடிவதில்லை.

இந்தக் கலையின் பலவீனமும் பெரியது. லெக் ஸ்பின்னர் ரன் கொடுத்துத்தான் விக்கெட் வாங்குகிறார். பந்தை மிதக்கவிட மனமும் நேரமும் வேண்டும். டெஸ்ட் ஆடாத அமீரகத்தில் கிடைப்பது நான்கு ஓவர், மிஞ்சினால் பத்து. இரண்டு சிக்ஸர் விழுந்தாலே கை தானாக வேகமாக, தட்டையாக வீசப் பழகிவிடும், சுழலும் மங்கிவிடும்.

உள்ளூர்ச் சூழலும் உதவுவதில்லை. அஜ்மான், ஷார்ஜா மணல் திடல்களில் வார இறுதிகளில் தொழிலாளர்கள் ஆடும் டேப் பந்து ஆட்டத்தில் யார்க்கருக்குத்தான் மதிப்பு. தையல் இல்லாத பந்தில் விரலுக்குப் பிடி கிடைக்காது. 2023 ஜனவரியில் தொடங்கிய இன்டர்நேஷனல் லீக் டி20யில் பதினொருவரில் ஒன்பது பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். நரைனும் ஹசரங்கவும் ஆடும் தொடரில், நெருக்கடியான நடு ஓவர்கள் உள்ளூர்ச் சுழற்பந்து வீச்சாளருக்குக் கிடைப்பது அரிது. அருகிலிருந்து கற்கலாம் என்பது உண்மை. ஆனால் லெக் ஸ்பின் வீசி வீசித்தான் படியும்.

மெய்யப்பனை அந்த ஒரே ஓவரை வைத்து எடைபோடுவது அவருக்கும் அநீதி, அமீரகக் கிரிக்கெட்டுக்கும் அநீதி. ஒரே நாளில் இருபது ஓவர் வீசக்கூடிய பலநாள் ஆட்டங்களை உள்நாட்டில் நடத்தினால்தான் அவருக்கும் அவருக்குப் பின் வருபவர்களுக்கும் அந்தப் பயிற்சி கிடைக்கும்.