பாத்தி ஓரத்தில் வரலாற்று வகுப்பு

சமூக அறிவியல் ஆசிரியருக்கு மரக்காணத்தைப் போல இன்னோர் ஊர் வாய்க்காது. பி.ஏ. வரலாறு, பி.எட்., டெட் இரண்டாம் தாள், கலந்தாய்வு என்று எல்லோரும் வரும் வழியில்தான் நானும் வந்தேன். எம்.ஏ. முடித்திருந்ததால் முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த உப்பளத்தையும் இந்தப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எங்கே போவது!

பத்தாம் வகுப்பில் உப்புச் சத்தியாகிரகப் பாடம் பின்னால்தான் வரும். நான் ஆகஸ்டிலேயே எடுத்துவிடுவேன். ஐப்பசி மழை விழுந்தால் உப்பளத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்திருக்கும் நாளில், அனுமதி வாங்கிப் பிள்ளைகளைக் காலையிலேயே அழைத்துப் போய்விடுவேன். வெயில் ஏறினால் அந்த வெளுப்பு கண்ணைக் கூசவைக்கும். அங்கே ஆசிரியர் நானில்லை. பாத்தியை மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவதையும், நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போகக் கரிப்பு ஏறுவதையும், நீண்ட பிடி போட்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்பதையும் அந்தப் பிள்ளைகள்தான் எனக்குச் சொல்லித் தருவார்கள்.

அப்புறம் தண்டிக்கு வருவோம். 1930 ஏப்ரல் 6, காந்தி கையில் எடுத்தது சேறு கலந்த உப்பு என்றேன். ஒரு மாணவி சட்டென்று, "அது சோத்துக்கு ஆவாதே சார், அதுக்கா ஜெயில்ல போட்டாங்க?" என்றாள். அடடா, எப்பேர்ப்பட்ட கேள்வி! அரசைத் தவிர வேறு யாரும் அனுமதியின்றி உப்பு எடுக்கக் கூடாது என்ற 1882ஆம் ஆண்டுச் சட்டம், உப்பு வரி, அது 1947இல் நீங்கியது என எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியில் கட்டிவிட்டேன். ராஜாஜி அதே 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து உப்பெடுக்க வேதாரண்யத்துக்குப் புறப்பட்டபோது, தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். "உங்க வீட்டுல சோறு போடுவீங்களா?" என்று கேட்டேன். பின்வரிசைப் பையன், "ராத்திரியில குடுப்பேன் சார்" என்றான். வரலாற்றுக்குள் இவ்வளவு சுலபமாக நுழைகிற பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த ஊரின் பழமையைச் சொன்னாலோ நிமிர்ந்து உட்காருகிறார்கள். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும், கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மாவும் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே சிறுபாணாற்றுப்படை கொற்கையைப் பாடுமிடத்தில், உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகளோடு ஒரு மந்தி விளையாடுகிறது, சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பையாக ஆட்டியபடி. உப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சங்கப் பாட்டில்! இதைச் சொன்ன அன்று மணி அடித்தும் யாரும் எழவில்லை.

வீட்டுப்பாடமும் நூலிலிருந்து கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் பாத்தியில் வேலை நின்றபோது வீட்டில் என்ன செய்தீர்கள் என்று ஆயாவிடம் கேட்டு எழுதி வரச் சொல்வேன். பொருளியல் பாடத்தை அந்த நோட்டுகளிலிருந்துதான் தொடங்குவேன்.

சமூக அறிவியல் நண்பர்களே, அடுத்த கலந்தாய்வில் இந்தப் பக்கம் காலியிடம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டுக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள்.